புதுத்தண்ணிச் சோறு

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்றே எங்கள் ஊரில் பெரிய சமையல் தேக்சாக்களைப் புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, குடமுருட்டியில் இறங்கி, எங்கள் வாய்க்காலின் தலைப்பு மதகைத் தொடுவதற்குள் வயல்காரர்கள் நாற்றங்காலுக்கு உழுது போட்டிருப்பார்கள். மதகு திறந்து தண்ணீர் ஊரைத் தாண்டிய பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்தோணியார் கோயில் திடலில் ஊருக்கே சாப்பாடு. புதுத்தண்ணிச் சோறு என்று அதற்குப் பெயர். பாபநாசத்தைச் சுற்றி எத்தனையோ கோயில்களில் அசனம் என்கிற ஊர்ச்சாப்பாடு உண்டு. தண்ணீரைப் பார்த்துத் தேதி வைக்கிற அசனம் எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில்தான்.

சமைப்பது கோயில்காரர்கள், சாப்பிடுவது எல்லாரும். கிடாய் அறுக்க எங்கள் தெருவிலிருந்து ஜெக்கரியா மாமுவைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் பிஸ்மி சொல்லி அறுப்பதால் எங்களுக்கும் அந்தக் கறி ஆகும். ஒரு வழக்கம் மட்டும் மாறவே மாறாது. சோறு வெந்து மூடியை நீக்கியதும், சமைத்தவர் வெறுங்கையால் முதல் பிடியை அள்ளி, மதகைத் திறந்த பாசன ஊழியரான லஸ்கரின் வெறுங்கையில் வைக்க வேண்டும். நடுவில் இலையோ தட்டோ கரண்டியோ வரக்கூடாது. அந்தப் பிடி விழுந்த பிறகுதான் பந்தி.

அந்தப் பிடியை வைக்கிற கை பல வருஷமாக இருதயம்மாள் அக்காவுடையது.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை என்று எந்த வீட்டில் அடுப்பு மூட்டினாலும் அக்காதான் போவார். உடம்பு கனம், குரல் அதைவிடக் கனம். கொதி வந்த உலையின் சத்தத்தைத் தள்ளி நின்று கேட்டே, "தீயை இழு" என்பார். புருஷன் இறந்து வெகுநாளாயிற்று. ஒரே மகள் பிரின்ஸி, கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். ரியாத்தில் என் வீட்டுக்காரர் ஜாபிர் மவுத்தாகி, முகம்கூடப் பார்க்க முடியாமல் நான் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்தபோது, காலையில் கஞ்சியும் மதியம் சோறும் கொண்டுவந்து என் எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எழுந்து போகமாட்டார். "பேச வேணாம். சாப்புடு" என்பார். அவ்வளவுதான்.

அந்த வருஷம் தை மாதம் ஆசீர்வாதம் மேஸ்திரிக்கு மலையில் ஒரு வேலை கிடைத்தது. அகத்தியர் மலைக்கு மேற்கே, கேரளப் பக்கம், காட்டுக்குள் காணிக்காரப் பழங்குடிகளின் குடியிருப்பில் அரசாங்க வீடு கட்டித் தருகிற வேலை. கொத்தனார்களையும் சித்தாள்களையும் எங்கள் பக்கத்திலிருந்தே கூட்டிப்போனார். மலையாளச் சாப்பாடு நம் ஆட்களுக்கு ஒத்துவராது என்று சமையலுக்கு அக்காவை அழைத்தார். அக்கா மிளகாய்த்தூள், புளி, கருவாடு, கேஸ் அடுப்பு, எல்லாருக்கும் கொசுவலை என்று மூட்டை கட்டிக்கொண்டு வேனில் ஏறினார். பங்குனிக் கடைசியில் திரும்பி வந்தார். ஒரு மாதிரி மெலிந்து, கறுத்து, நல்ல உற்சாகமாக.

"அட்டைதான் நஃபீசா. மழை தூறினா போதும், காலெல்லாம் ரத்தம். ஆனா கொசு கெடையாது. தண்ணி ஓடுற பக்கமே நாங்க போவல. மேட்டுல, பாறை நடுவுல, காஞ்ச எடமாப் பாத்துத் தங்குனோம். யாரு, தஞ்சாவூர்க்காரனா கொக்கா? கொசு எங்க முட்டை போடும்னு நமக்குத் தெரியாதா?"

வலது புறங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே எறும்பு கடித்த மாதிரி ஒரு சிவப்பு அப்போதே இருந்தது. சித்திரையில் அது பருத்தது. பிறகு நடுவில் உடைந்து, ஓரம் கட்டியாக எழும்பி, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வைத்தது போல ஒரு புண்ணாக நின்றது. சீழ் அதிகம் இல்லை. வலி சுத்தமாக இல்லை. பாபநாசத்தில் ஒரு கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள், பிறகு மாத்திரை கொடுத்தார்கள். புண் அசையவில்லை.

வலிக்கவில்லை என்பதுதான் ஊரைப் பயமுறுத்தியது. எங்கள் பக்கத்தில் பெருவியாதியை, அதாவது குஷ்டத்தைப் பார்க்காத குடும்பம் பழைய ஆட்களில் கிடையாது. மரத்துப்போன புண், ஆறாத புண் என்றால் உடனே அந்தப் பெயர்தான் வாயில் வரும். யாரும் அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. ஒரு வீட்டில் வளைகாப்பைத் தள்ளிவைத்துவிட்டோம் என்றார்கள். அதே நாளில் அந்த வீட்டு வாசலில் கும்பகோணம் கேட்டரிங் வண்டி நின்றது.

ஒரு மதியம் நான் தைத்த ரவிக்கையைக் கொடுக்கப் போனேன். அக்கா அடுப்படியில் குந்தியிருந்தார். கொதிக்கிற ரசத்திலிருந்து கரண்டியை எடுத்து, புண்ணைச் சுற்றியிருந்த தோலில் வைத்து எடுத்தார்.

"அக்கா!"

"சும்மா கத்தாத. சுடுது." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "நல்லாச் சுடுது நஃபீசா. மரத்தது புண்ணு மட்டுந்தான். பெருவியாதின்னா சுத்தித் தோலே செத்துக் கெடக்கும். எங்க பெரியப்பா கையி எனக்குத் தெரியும். இது அது இல்ல."

"அப்ப என்னாக்கா இது?"

"அதைக் கண்டுபுடிக்கத்தான் டாக்டருக்குப் படிக்கிறாங்க. நான் சமைக்கத்தான் படிச்சிருக்கேன்."

வைகாசி பிறந்து கொஞ்ச நாளில், கோயில் கமிட்டித் தலைவர் என்ற முறையில் ஆசீர்வாதம் மேஸ்திரி வந்தார். வெயிலுக்கு இதமாக என்பதுபோல் துண்டைத் தலையைச் சுற்றிக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கூட அவர் மனைவி ஷீபா. உட்காரச் சொல்லியும் ஷீபா உட்காரவில்லை. அக்கா கொடுத்த மோரை மேஸ்திரி வாங்கிக் கீழே வைத்தார்.

"இந்த வருசம் நீ செத்த ஓய்வு எடு இருதயம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"எனக்கு என்னா வயசாச்சா, ஓய்வு எடுக்க?"

"கையி அப்புடி இருக்குல்ல."

"கையி இருக்குல்ல. அதைச் சொல்லுங்க."

"வெளையாடாத. ஊரு பேசுது. லஸ்கரு கையில நீ சோத்த வைக்கணும். அவன் பொண்டாட்டி இப்பவே பயப்படுதாம்."

ஷீபா வாசலைப் பார்த்தபடி சொன்னாள்: "தெரிஞ்சே யாரும் போயி வாங்கிக்க முடியாதுல்லக்கா. புள்ளைங்க சாப்புடற சோறு."

"ஏண்டி ஷீபா, உன் கல்யாணத்துக்கும் உன் மவ கல்யாணத்துக்கும் இந்தக் கைதானே கிண்டுச்சு? மலையில உன் வூட்டுக்காரரு இந்தக் கைச் சோத்தத் தின்னுட்டுத்தானே தொப்பையோட வந்தாரு?"

அதைச் சொன்னதும் மேஸ்திரியின் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு எழுந்தார். "கேட்டரிங்குக்குச் சொல்லிடப் போறேன்" என்றார்.

"சொல்லுங்க. தண்ணி இன்னும் வரல. தண்ணி வர்ற வரைக்கும் நான்தான் சமையக்காரி. அதுக்குள்ள இது என்னான்னு நான் கண்டுபுடிச்சு வந்து, கோயில் திடல்ல நின்னு சொல்லுவேன். பெருவியாதின்னா நானே ஒதுங்கிக்கறேன். இல்லன்னா, ஊருக்குச் சோறு போடுறது நான்தான்."

மோர் அப்படியே இருந்தது. அவர்கள் போன பிறகு பிரின்ஸி அதை எடுத்துக் கொல்லையில் கொட்டினாள். அவள் அழவில்லை, கோபமாகத்தான் இருந்தாள்.

"எதுக்கும்மா சவால் விடுற? ஒரு வருசம் சும்மா இருந்தா என்னா?"

"ஒரு வருசம் சும்மா இருந்தா, ஆமான்னு சொன்ன மாதிரிடி. அப்புறம் எந்த அடுப்புகிட்டயும் நிக்க முடியாது. உன்னைப் பொண்ணு கேட்டு வர்றவனும் என் கையைத்தான் மொதல்ல பாப்பான்."

"கையை மூடிக்கிட்டாவது இரேன்."

"மூடினா சோத்த எப்புடி அள்ளுறது?"

மறுநாள் நானும் அக்காவும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் அக்காவின் கையைப் பார்த்துவிட்டு எழுந்து முன்னால் போய் நின்றாள். "நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்கலாம்" என்று அக்கா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். இருபுறமும் வயல்கள் காய்ந்து, உழவுக்கட்டி வெள்ளையாகக் கிடந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஷமா என்ற சின்ன வயசுப் பெண். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஞ்சால் தொட்டு, ஊசி முனையால் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். புண்ணைச் சுற்றி எல்லா இடத்திலும் அக்கா சரியாகச் சொன்னார்.

"வீட்ல யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார். இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்டிருந்தார்கள். அடுத்த கேள்வியை யாரும் கேட்டதில்லை. "கொஞ்ச மாசத்துக்கு முன்னாடி வெளியூர் எங்கயாவது போயிருந்தீங்களா?"

அக்கா மலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"எங்க தூங்குனீங்க?"

"பாறைக்கு நடுவுல ஒரு பழைய மண்ணுக் கட்டடம். செவுத்த ஒட்டிப் பெரிய கரையான் புத்து. நெழலு நல்லா இருந்துச்சு. தண்ணியில்லாத எடமாப் பாத்துத்தான் புடிச்சோம், கொசு வேணாம்னு."

"கொசுவலை?"

"அதைக் கொண்டு போவாம எப்புடிங்க? எல்லாருக்கும் இருந்துச்சு."

"சமையல்?"

"வெளியில. கேஸ் அடுப்பு. பொழுது சாயுற நேரத்துல ராச்சாப்பாட்டுக்குக் காய் நறுக்குவேன்."

டாக்டர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "கொசு வராம இருக்க எல்லாமே சரியாச் செஞ்சிருக்கீங்கம்மா. ஆனா இது கொசு இல்ல. மணல் ஈன்னு ஒண்ணு. கொசுவுல பாதிகூட இருக்காது. சத்தம் போடாது. அதுக்குக் குட்டை, வாய்க்கால் எதுவும் வேணாம். மண்ணுச் சுவர் வெடிப்பு, கரையான் புத்து, பாறை இடுக்கு, மக்குன இலை, இதுலதான் இருக்கும், அங்கேயே முட்டையும் போடும். கொசுவலை ஓட்டையில நுழைஞ்சு வந்துடும். காட்டுல எலி மாதிரி ஏதோ ஒரு விலங்கு ரத்தத்துல ஒரு கிருமி இருக்கும். அந்த விலங்குக்கு ஒண்ணும் பண்ணாது. ஈ அதைக் கடிச்சிட்டு உங்களைக் கடிச்சா, கடிச்ச எடத்துல மாசக்கணக்குல கழிச்சு இப்படிப் புண்ணாகும். காடு காடா இருக்கிற வரைக்கும் அது அதுங்களுக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கும். நாம வீடு கட்ட நடுவுல போய்ப் படுத்தா நம்மகிட்டயும் வரும்."

அக்கா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "அங்க ஒரு காணிக்காரப் பொண்ணு, சாயங்காலம் வந்து, பச்சை எலையப் போட்டுப் பொகை போடு, பொகை போடுன்னு சொல்லுவா. நாங்கதான் கண்ணு எரியுதுன்னு அவளை வெரட்டுவோம். அவ கன்னத்துல வட்டமா ஒரு தழும்பு இருந்துச்சு. அழகா, பாலுச் சொட்டு மாதிரி."

"ஆறிட்டா அப்படித்தான் இருக்கும்."

"டாக்டரம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தக் கையால சோறு போட்டா, வாங்குறவங்களுக்கு வருமா?"

"வராது. தொட்டா வராது, சாப்பாட்டுல வராது. ஈ கடிச்சாத்தான். சோதனை முடிவு வரட்டும், உறுதியாச் சொல்றேன்."

புண்ணின் ஓரத்தில் கீறிக் கண்ணாடியில் தேய்த்து எடுத்தார்கள். அடுத்த தடவை போனபோது டாக்டர் உறுதியாகவே சொன்னார். புண்ணைச் சுற்றி ஊசி போடத் தொடங்கினார்கள். மலைக்குப் போன எல்லாரையும் அழைத்து வரச் சொன்னார், அங்கேயுள்ள சுகாதாரத் துறைக்கும் எழுதுவதாகச் சொன்னார். அந்த ஊசிதான் வலித்தது. என் கையை அக்கா பிடித்துக்கொண்ட பிடியில் என் வளையல் இரண்டு உடைந்தது. வெளியே வந்ததும், "வளையலுக்குப் பதிலா உனக்கு வெங்காய வடை" என்று கேன்டீனுக்குள் நுழைந்துவிட்டார்.

வடையைப் பிட்டவர் அப்படியே நிறுத்தினார்.

"நஃபீசா, ஆசீர்வாதம் எப்பவாவது தலையில துண்டு கட்டிப் பாத்திருக்கியா?"

யோசித்தேன். கூரைச் சென்ட்ரிங் பலகை மேல் உச்சி வெயிலில் நிற்கிறபோதுகூட மேஸ்திரி துண்டைத் தோளில்தான் போட்டிருப்பார்.

"மலையில அவரு படுத்தது புத்துப் பக்கத்துச் செவுரு," என்றார் அக்கா.

பாபநாசத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மேஸ்திரி ஒரு மாடிவீடு கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மேஸ்திரி மணல் குவியலுக்குப் பக்கத்தில் தனியாக, துண்டோடு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"காதைக் காட்டுங்க," என்றார் அக்கா.

"என்னா காது?"

"எனக்குக் கையி, உங்களுக்குக் காது. காட்டுங்கன்னா."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு துண்டைத் தளர்த்தினார். இடது காதின் மடல் பாதி வீங்கி, நடுவில் அதே புண். சுற்றிலும் பச்சையும் கறுப்புமாகத் தோல் வெந்திருந்தது.

"அட பாவி மனுசா, என்னா போட்டீங்க இதுல?"

"மயில்துத்தம். சுட்டுட்டாப் போயிடும்னு பாத்தேன்." அவர் குரல் இறங்கியது. "மறைக்க மாட்டேன் இருதயம். உன்கிட்டேருந்துதான் வந்துச்சுன்னு நெனச்சேன். உன் கையி, உன் சோறு. இன்னும் எத்தன பேருக்கு வருமோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் கெடையாது. அதான் உன்னை நிறுத்தச் சொன்னேன். வேற விரோதம் கெடையாது."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நானும் அப்புடி நெனச்சிருந்தா அப்புடித்தான் செஞ்சிருப்பேன்," என்றார். "ஆனா மொதல்ல வந்து கேட்டிருப்பேன். நீங்க கேக்கல. மோரைக் கீழ வச்சீங்க."

மேஸ்திரி தளர்ந்த துண்டை மறுபடி இழுத்துக் கட்டினார்.

"இது எங்கிட்டேருந்து வரல. உங்ககிட்டேருந்தும் எனக்கு வரல. ரெண்டு பேரையும் கடிச்சது ஒரே புத்து ஈ." டாக்டர் சொன்னதையெல்லாம் அக்கா சொன்னார். கொசுவலை ஓட்டை, கரையான் புத்து, புகை எல்லாவற்றையும். மேஸ்திரி கேட்கக் கேட்க வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காஞ்ச எடம்னு நான்தானே அங்க படுக்கலாம்னேன்," என்றார் கடைசியில்.

"நீங்க சொன்னீங்க, நாங்க எல்லாரும் ஆமாம்னோம். இங்க பொறந்தவனுக்குத் தண்ணியப் பாத்துத்தானே பயம். சரி, நாளைக்கு மொத பஸ்ஸு. துண்டோட வாங்க, துண்டில்லாம வாங்க, உங்க இஷ்டம்."

"ஷீபாவுக்குத் தெரியாது."

"பொண்டாட்டிக்குத் தெரியாம ஒரு காதா? நல்லா இருக்குய்யா உங்க குடும்பம். நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். என் கையைப் பத்தி நான் சொல்லுவேன். உங்க காதைப் பத்திப் பேசுறது உங்க வேலை."

மறுநாள் மேஸ்திரி பஸ் ஸ்டாண்டில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு மலைக்குப் போன சித்தாள்களையும் அவரே கூட்டி வந்தார். ஒரு பெண்ணுக்குக் கெண்டைக்காலில் இருந்தது. மற்றவர்களுக்கு இல்லை. ஊசிக்கு அக்கா பல்லைக் கடிப்பார். மேஸ்திரி சத்தம் போட்டு மாதாவைக் கூப்பிடுவார். வெளியே அமர்ந்திருக்கும் எங்களுக்குச் சிரிப்பு வரும்.

ஊசிக்குக் கை கொடுத்துவிட்டு வந்த நாட்களில் அக்கா சும்மா இருக்கவில்லை. அந்த ஈயின் வகைகள் நம் ஊர் மாட்டுக்கொட்டகைகளிலும் உண்டு, ஆனால் காட்டிலிருப்பது போல இங்கே கிருமியைச் சுமக்கிற விலங்கு கிடையாது, எதற்கும் கொட்டகைச் சுவரைப் பூசிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிழக்குத் தெருவில் கொட்டகை வைத்திருக்கிற வீடுகளுக்கெல்லாம் போய், "வெடிப்ப அடைங்க, சுண்ணாம்பு அடிங்க, சாணியக் குமிச்சு வைக்காதீங்க" என்று வாசலிலேயே நின்று கத்திவிட்டு வந்தார். உள்ளே வரச் சொல்லாத வீட்டுக்காரர்கள்கூட மறுநாள் சுண்ணாம்பு அடித்தார்கள்.

ஆனி மாதம் மத்தியில் ஒரு காலை, லஸ்கர் அண்ணாதுரை சைக்கிளில் மணியடித்துக்கொண்டே போனார். "வந்துட்டா! வந்துட்டா!" நுரையும் சருகும் பிளாஸ்டிக் பையும் முன்னால் தள்ளிக்கொண்டு, செம்மண் நிறத்தில் தண்ணீர் வாய்க்காலில் நடந்து வந்தது. வேகமே இல்லை. வெடிப்புகளில் இறங்கிக் குடித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தது. அக்கா கரையில் நின்று பார்த்தார். கையில் புண் பாதிக்கு மேல் மூடி, இளஞ்சிவப்பாகத் தோல் ஏறியிருந்தது.

அன்று மாலை கமிட்டி கூடியது. மேஸ்திரி எழுந்து, "இருதயம்தான் சமைக்குது" என்று மட்டும் சொன்னாராம். யாரோ கேட்டரிங் என்று ஆரம்பித்திருக்கிறார்கள். "இருதயம்தான்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு எங்களோடு வந்து அவர் காதைப் பார்த்திருந்த பிரின்ஸி அதைக் கேட்டுப் பொங்கினாள். "இவரு காதைக் காட்டியிருந்தா ஊரே வாயை மூடியிருக்கும்!"

"அவரு காது என் சாட்சியில்லடி," என்றார் அக்கா. "வெங்காயம் உரிக்க ஆள் தேடு."

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே அடுப்பு மூட்டினோம். வழக்கமாகப் பத்துப் பதினைந்து பெண்கள் உட்காருகிற வெங்காய மூட்டையைச் சுற்றி அன்று பிரின்ஸியும் நானும் கெண்டைக்கால் புண்காரியும்தான். அக்கா முறைத்துப் பார்த்துவிட்டு ஒரு மூட்டையைத் தனக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜெக்கரியா மாமு கிடாயை முடித்துக் கறி வந்து சேர்ந்தது. தேங்காய் வதக்குகிற வாசனை எழும்பி, மல்லி வறுபட்டு, குழம்பு கொதிக்கத் தொடங்கியதும் திடல் ஓரத்தில் ஆட்கள் சேர்ந்தார்கள். சேர்ந்தார்கள், உள்ளே வரவில்லை. ஆண்கள் வாய்க்கால் மதகடியில் நின்றார்கள். பெண்கள் கோயில் படியில் பிள்ளைகளை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலர் கையில் வீட்டுச் சோறு அடைத்த டிபன் கேரியர் இருந்தது.

பூசை முடிந்து பங்குச் சாமியார் சோற்றை மந்திரித்தார். நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்துத் தேக்சாவின் மூடியை நீக்கினோம். ஆவி ஏறியது. அக்கா முன்னால் வந்தார். கையில் கட்டு இல்லை. புறங்கையைத் திருப்பி எல்லாரும் பார்க்கிற மாதிரி உயரத் தூக்கினார்.

"பாத்துக்கங்க. இது பெருவியாதி இல்ல. காட்டுல ஒரு ஈ கடிச்சுது. தஞ்சாவூர்ல சோதன பண்ணிப் பாத்தாச்சு. ஊசி போட்டு ஆறிக்கிட்டு வருது. தொட்டா வராது, தின்னா வராது. சந்தேகம் இருக்கவங்க டாக்டரம்மாவப் போய்க் கேளுங்க, நானே கூட்டிட்டுப் போறேன். மறைச்சுச் சோறு போட எனக்குத் தெரியாது. அண்ணாதுரை, வா. வேணாம்னா இப்பவே சொல்லிடு, வருத்தப்பட மாட்டேன்."

அண்ணாதுரையின் மனைவி கூட்டத்திலிருந்து அவர் சட்டையைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். அவர் சட்டையை மெதுவாக உருவிக்கொண்டார்.

"ஏம்மா, பிரசங்கத்த சாமியாரு முடிச்சிட்டாரு. நீ வேற ஒண்ணு ஆரம்பிக்கிறியே. மொறை வச்சுத் தண்ணி வுட்டு நாலு நாளா நான் தூங்கல. சோத்தப் போடு, பசிக்குது."

இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். அக்கா ஆவி பறக்கப் பறக்க அள்ளி வைத்தார். சூடு தாங்காமல் அவர் கையை மாற்றி மாற்றி ஊதி, அங்கேயே நின்று முழுதும் தின்றார்.

கூட்டம் அசையவில்லை. அப்போதுதான் மேஸ்திரி நடந்து வந்தார். இலை போட்ட முதல் வரிசையில், எல்லாரையும் பார்த்தபடி உட்கார்ந்தார். தலையிலிருந்த துண்டை எடுத்து, மடித்து, மடியில் போட்டுக்கொண்டார். பிளாஸ்திரி ஒட்டிய காது வெளியே தெரிந்தது. "குழம்பு" என்று மட்டும் சொன்னார்.

நான் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். ஜெக்கரியா மாமு கத்தியைக் கழுவிவிட்டு வந்து எனக்கு அடுத்து உட்கார்ந்தார். பிறகு மதகடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் முதலில் மேஸ்திரியின் காதைப் பார்த்தார்கள், அப்புறம் இலையைப் பார்த்தார்கள். எல்லாரும் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்களில் சிலர் அடுத்த வருஷம் வந்தார்கள், சிலர் அக்கா இருந்தவரை வரவில்லை. அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. மாரடைப்பு, சமையலுக்கு நடுவில். அந்தக் கையில் கடைசிவரை ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது.

அன்று இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது ஷீபா கோயில் படியிலிருந்து எழுந்து வந்தாள். பந்தியில் உட்காராமல், எவர்சில்வர் தட்டோடு நேரே அடுப்படிக்கே வந்தாள். அக்கா அவளைப் பார்க்காதது போலக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஷீபா தானே ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் ஊற்றி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு பத்தல," என்றாள்.

திடல் முழுக்கக் கேட்டது போலிருந்தது எனக்கு. அக்கா துடுப்பை நிறுத்தினார்.

"என்னாது?"

"உப்புதான். போன வருசம் மாதிரி இல்ல. கையி தளந்து போச்சா உனக்கு?"

"எந்தக் கையி தளந்துச்சு? வாயில வெத்தலயப் போட்டுக்கிட்டு வந்து உப்புப் பாக்கறா, பெரிய இவ! உன் புருசன் மூணு தடவ வாங்கித் தின்னாரு, அவருக்குப் பத்துது, உனக்குப் பத்தலியா?"

"அவருக்கு என்னா தெரியும்? வூட்ல உப்பே போடாமக் குடுத்தாலும் தின்பாரு. பத்தலன்னா பத்தலக்கா. நீயே பாரு."

அக்கா தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் வாயை அசைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் வந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பிறகு உப்புச் சட்டிக்குள் வலது கையை விட்டு ஒரு அள்ளு அள்ளி, ஷீபாவின் கண்ணெதிரே குழம்பில் போட்டுக் கிண்டினார்.

ஷீபா தட்டை நீட்டினாள். "இப்ப ஊத்து," என்றாள்.